சீட்டில்லாக் காட்சிகள்: மயிலை, தியாகராய நகர், அடையாறு

மக்கள் கூடிக் களிக்காத இடத்தைப் பழந்தமிழர் ஊரெனப் போற்றியதில்லை. பூம்புகாரில் இந்திர விழா இருபத்தெட்டு நாள்கள் நடைபெற்றதை மணிமேகலை கூறும். கூடல் மாநகரின் ஓண விழாவையும், நாளங்காடி, அல்லங்காடிகளின் ஆரவாரத்தையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கும். அவ்விழாக்களைக் காண வந்தோரிடம் காசு வாங்கியதாகச் செய்தி இல்லை. ஆயினும் பாணரும் கூத்தரும் விறலியரும் பசியோடு புரவலரை நாடி நடந்த வழிகளை ஆற்றுப்படை நூல்கள் காட்டுகின்றன. காண்போர்க்கு இலவசமாகும் கலை நிகழ்த்துவோர்க்கும் வாழ்வளிக்க வேண்டுமாயின் எவரேனும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவர் யார்? எதற்காகக் கொடுத்தார்? காட்சி யாருக்கெல்லாம் கிட்டியது? ஒரு நகரத்தின் இலவசப் பொழுதுபோக்குகளை ஆராய்வார் இம்மூன்று வினாக்களையும் எழுப்பியே தீர வேண்டும்.

சூதாட்டக் கூடங்களால் பெயர்பெற்ற அமெரிக்க நகரமான லாஸ் வேகாசில் இவ்வினாக்களுக்கு விடை எளிது. அங்கு 1989ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மிராஜ் விடுதியின் முன்னர்ச் செயற்கை எரிமலை ஒன்று இரவுகளில் தீக் கக்கிற்று. 2024இல் விடுதி மூடப்பெற்றபோது எரிமலையின் ஆட்டமும் முடிவுற்றது. 1998இல் திறக்கப்பெற்ற பெல்லாஜியோ விடுதியின் முன் இசைக்கேற்ப ஆடும் நீரூற்றுகளை வழிப்போக்கர் எவரும் நின்று காணலாம். கட்டணம் இல்லை. நின்று காணும் கூட்டத்தில் ஒரு பகுதி உள்ளே திரும்பும் என்பதே கணக்கு. சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனின் நிலையோடு வள்ளுவர் ஒப்பிட்டார். அந்நகரத்தின் இலவசக் காட்சியோ சூதாடுமுன்னரே வீசப்பெறும் தூண்டில்.

சூதாட்ட மாளிகைகள் இல்லாத சென்னையிலும், சிறப்பாக அதன் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும், காசின்றிக் கண்டு கேட்டு மகிழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அதன் வரலாறு இத்துணை எளிதன்று.

கோயில் கொடுத்தது

மயிலாப்பூரின் விழாக்களுக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் தலைமையானது, ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த திருஞானசம்பந்தரின் பூம்பாவைத் திருப்பதிகம். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என விழாக்களை அது வரிசைப்படுத்துகிறது. அடியார்க்கு உணவளிக்கும் காட்சியும் அதில் உண்டு. அரவு தீண்டி இறந்து சாம்பலான பெண்ணை அழைக்கும் பாடல் அது. அவள் மீண்டு வருவதற்கு அப்பாடல் காட்டும் காரணம் செல்வமோ வீடுபேறோ அன்று. இவ்விழாக்களைக் காணாமல் போவது தகுமா என்பதே. ஊர்த் திருவிழாவை உயிர் மீள்வதற்குரிய காரணமாக்கிய கற்பனை பாவலர் எண்ணி மகிழத்தக்கது.

பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்திற்குப் பின்னரே இன்றைய இடத்தில் கோயில் எழுந்ததென்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். இடம் மாறியும் விழா மாறவில்லை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெற்ற நிகழ்ச்சி நடித்துக் காட்டப்பெறுகிறது. பிற்பகலில் கபாலீசுவரரின் பின்னே அறுபத்துமூவர் பல்லக்குகளில் மாட வீதிகளில் உலா வருகின்றனர். நாகசுரமும் தவிலும் முழங்குகின்றன. வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் நீர்மோரும் பானகமும், வீட்டு வாயில்களில் சோறும் வழங்கப்பெறுகின்றன. உண்பவர் யார், கொடுப்பவர் யார் என்று எவரும் உசாவுவதில்லை.

ஆனால் எல்லாக் காலத்திலும் இவ்வாறே இருந்ததென எழுதுவது வரலாறாகாது. ஒடுக்கப்பெற்ற மக்களைக் கோயிலுக்குள் விடாத வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் நிலவிற்று. 1939ஆம் ஆண்டில் மதுரையில் ஆலய நுழைவு நிகழ்ந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணமெங்கும் கதவுகளைத் திறக்க வழிசெய்தது. அதற்கு முன்னர், தெய்வம் தெருவுக்கு வரும் நாள் மட்டுமே பலர்க்கு அதனைக் காணும் நாளாயிற்று. தெருவில் நிற்கும் இடத்திலும் வேற்றுமை பாராட்டிய ஊர்கள் பல. விலையில்லாத காட்சியெல்லாம் தடையில்லாத காட்சி அன்று.

கொடுத்தவள் ஒருத்தி

கோயில் கொடுத்த கலைக்குப் பின்னால் மாந்தர் இருந்தனர். மயிலாப்பூர் கௌரி அம்மாள் (1892–1971) கபாலீசுவரர் கோயிலில் ஆடற்பணி புரிந்த தேவரடியார் மரபின் கடைசிக் கண்ணி எனப் போற்றப்பெறுபவர். அவர் சந்நிதியில் ஆடியதைக் கண்டோர் சீட்டு வாங்கவில்லை. கோயிலின் ஆதரவே அவ்வாடலுக்கு அடிப்படை.

முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் முன்னின்று நடத்திய சீர்திருத்த இயக்கத்தின் முடிவில், 1947ஆம் ஆண்டில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் கொடுமை ஒழிந்தது நன்றே. அதனோடு கோயில் ஆடலும் அதற்கு அளிக்கப்பெற்ற ஆதரவும் ஒழிந்தன. அதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே ஆடல் அரங்கங்களுக்கு இடம்பெயரத் தொடங்கிவிட்டது. கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்ற பாலசரசுவதி உலகப் புகழ் பெற்றார். அவரிடம் பாடங்கேட்ட ருக்மிணி தேவி 1935ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டில் கலாசேத்திரத்தை நிறுவினார். ஆசிரியரின் இறுதி ஆண்டுகளோ வறுமையில் கழிந்தன.

காசில்லாமல் கண்ட தலைமுறை ஒன்று. காசு கொடுத்துக் கண்ட தலைமுறை மற்றொன்று. இரண்டுக்கும் கலையை வழங்கிய பெண்ணுக்கு இரண்டு ஏற்பாடுகளும் முதுமையில் உதவவில்லை. தென்சென்னையின் கலை வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் சற்றே நின்று செல்லுதல் தகும்.

சபாவும் சீட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சென்னையில் சபாக்கள் தோன்றின. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி இசை மாநாடு ஒன்று நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி பிறந்தது. 1962ஆம் ஆண்டில் அகாதெமி தன் அரங்கத்தைத் திறக்கும் வரை அதன் விழாக்கள் பெரும்பாலும் பந்தல்களிலேயே நடந்தன. ஓலைக் கொட்டகை ஓசையைத் தடுக்காது. சீட்டு வாங்க இயலாதோர் வெளியே நின்று கேட்ட காலம் அது. செங்கற் சுவரும் குளிர்சாதனமும் வந்தபின் அந்த வழி அடைபட்டது.

இன்றும் மார்கழிப் பருவத்தில் பல சபாக்களில் நண்பகல், பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் இல்லை. இளங்கலைஞர்கள் பாடுகின்றனர்; முதியோர் மணிக்கணக்கில் அமர்ந்து கேட்கின்றனர். சிற்றுண்டிச் சாலையின் காப்பிக்கு மட்டுமே காசு. கேட்போர்க்கு இது பெரும்பேறு. ஆயின் சிறு சன்மானத்தோடும், அதுவுமின்றியும் பாடும் இளையோர் உளர். அரங்கத்தின் இலவசத்தை அங்கே கலைஞரே தாங்குகின்றனர். பாணரின் பசி வேறு வடிவில் தொடர்கிறது.

நகரம் கொடுத்தது

அரசும் மாநகராட்சியும் கொடுத்த இலவசம் வேறொரு வகை. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கடற்கரையில் உலாச் சாலை அமைத்து, அதற்கு மெரினா எனப் பெயரிட்டார். ஆட்சியாளர் காற்று வாங்க அமைந்த அவ்விடம் விரைவிலேயே மக்களின் அரங்கமாயிற்று. திருவல்லிக்கேணிக் கடற்கரைக் கூட்டங்களில் பாரதியார் பேசினார், பாடினார். சொற்பொழிவு கேட்பதே மாலைப் பொழுதுபோக்காக இருந்த காலம் அது.

1924ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னை வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் நின்றது. அதன் கருவிகளைப் பெற்ற மாநகராட்சி, 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. வானொலிப் பெட்டி வாங்க வசதியற்ற மக்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்கள் சிலவற்றிலும் ஒலிபெருக்கிகள் அமைக்கப்பெற்றன. 1938ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது. சபாவின் உள்ளே செல்ல இயலாத வண்டிக்காரரும் கூலியாளும் வல்லுநர் பாட்டைப் புல்தரையில் அமர்ந்து கேட்க இவ்வேற்பாடு வழி செய்தது. இங்கே கொடுத்தவர் வரி செலுத்திய மக்கள், பெற்றவரும் அவர்களே.

1920களில் மாம்பலம் ஏரி தூர்க்கப்பெற்றுத் தியாகராய நகர் உருவானது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை நகரும், பானகல் அரசர் பெயரை அதன் நடுவில் அமைந்த பூங்காவும் தாங்கின. பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை வகுத்தமையால், கட்டணமற்ற பொதுவிடம் நகரமைப்பிலேயே இடம்பெற்றது. பின்னர் கடைகள் பெருகின. சௌந்தரபாண்டியனார் பெயரிலிருந்து பாண்டி பஜார் என்னும் வழக்கு வந்ததென்பர். தீபாவளிக்கு முன்னர் அங்கும் ரங்கநாதன் தெருவிலும் திரளும் கூட்டத்தில் வாங்க வருவோரோடு விளக்கொளி காண மட்டும் வருவோரும் உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் ஒளிரும் பட்டும் பொன்னும் லாஸ் வேகாசின் நீரூற்றுக்கு ஒருவகையில் உறவே. வணிகர் விரித்த காட்சி அது; ஆயினும் வெறுங்கையோடு திரும்பும் உரிமை காண்போர்க்கு உண்டு. 2019ஆம் ஆண்டு நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை திறக்கப்பெற்றபின் எதுவும் வாங்காமல் உலவுவோர்க்கும் இடம் கிடைத்தது.

குப்பத்து மேடை

அடையாற்றுக் கரைக்குப் பிரம்மஞான சபை 1882ஆம் ஆண்டில் வந்தது. அதன் தோட்டத்து ஆலமரத்தைக் காண்பது தென்சென்னைச் சிறுவர் பல தலைமுறையினர்க்குக் காசில்லாச் சுற்றுலாவாக இருந்தது. 1989ஆம் ஆண்டுப் புயலில் தாய்மரம் சாய்ந்தபின் விழுதுகளே மரமாயின. அருகே எலியட்ஸ் கடற்கரையில், 1930இல் பிறரைக் காக்கச் சென்று கடலில் மூழ்கிய டேனிஷ் மாலுமி சுமிட்டின் நினைவுச் சின்னம் நிற்கிறது.

அக்கடற்கரையை ஒட்டி ஊரூர், ஆல்காட் குப்பங்கள் உள்ளன. கலாசேத்திரமும் சபாக்களும் தொலைவில் இல்லை. ஆயினும் அவற்றின் கலை குப்பத்திற்கு வந்ததில்லை. குப்பத்தார் அங்குச் சென்றதும் அரிது. 2015ஆம் ஆண்டில் பாடகர் டி. எம். கிருஷ்ணா, எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் மீனவ மக்களோடு சேர்ந்து அங்கே விழாவொன்றை எடுத்தனர். கருநாடக இசையும் பரதநாட்டியமும் பறையாட்டமும் கூத்தும் கடற்கரை மணலில் ஒரே மதிப்புடன் நிகழ்ந்தன. கீழோர்க்கு மேலோர் கலையைப் புகட்டும் முயற்சியா இது என்னும் வினாவும் எழுந்தது. அவ்வினா எழுந்ததே நற்பயன் எனலாம். அதற்கு முன்னரே, 2007ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டித் தொடங்கிய சென்னை சங்கமம், சிற்றூர்க் கலைஞரைச் சென்னைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வந்தது. இடையில் நின்றுபோன அவ்விழா 2023இல் அரசால் மீண்டும் தொடங்கப்பெற்றது.

நிறைவாக

கோயில், புரவலர், மாநகராட்சி, வணிகர், இளங்கலைஞர், அரசு என இந்நகரின் இலவசங்களைத் தாங்கிய கைகள் பல. விலையில்லாமையைக் கொண்டு மட்டும் ஒரு காட்சியைப் போற்றிவிட முடியாது. காண்பவரைப் பிடிக்க விரித்த வலையும் இலவசமே. ஒருத்தியின் வறுமையால் கிடைத்த ஆடலும் இலவசமே. கதவு எல்லார்க்கும் திறந்திருந்து, ஆடியவர்க்கும் அடுப்பெரிந்தால் மட்டுமே அது ஊருக்குப் பெருமை தரும்.

இலக்கிய வட்டங்களின் கவியரங்குகளுக்கும் இது பொருந்தும். அங்கும் சீட்டில்லை. மண்டப வாடகையும் தேநீர்ச் செலவும் உறுப்பினர் சந்தாவிலிருந்து வருகின்றன. கவிஞர் தம் கைக்காசில் பேருந்தேறி வருகின்றனர். பின்வரிசையில் தயங்கி அமரும் புதியவருக்கு இவை ஒன்றும் தெரிவதில்லை. தெரிய வேண்டுவதும் இல்லை. பூம்பாவைக்கு விழாச் செலவைக் கணக்கிட்டு எவரும் சொல்லவில்லை. காண வா என்று மட்டுமே அழைத்தனர். கணக்கை நினைவில் வைக்க வேண்டியவர் அழைத்தவரே.