நீதிபதி நம்பிய தாள்

வழக்குகளிலே எழுத்துச் சான்றை நிறுத்துப் பார்த்துப் பழகிய நீதிபதியொருவர், தமக்குத் தரப்பட்ட எழுத்து கைவிடப்பட்டபோது என்ன செய்தார்? சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் இறுதி ஆண்டுகள் இவ்வினாவுக்கு விடை கூறுவன.

1853இல் கொழும்பிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, 1875இல் சிவில் சேவைக்குத் தெரிவான அவர், பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பணியாற்றினார். சட்டநிரூபண சபையில் உத்தியோக அங்கத்தவராகவும் அமர்ந்தார். 1901ஆம் ஆண்டின் புகழ்பெற்ற குடிசன மதிப்பறிக்கை அவரது ஆக்கமே.

1913இல் ஓய்வுபெற்றபின் அரசியற் சீர்திருத்தத்தில் இறங்கினார். மேல் மாகாணத்திலே தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்போமென, ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் 1918 டிசம்பரில் எழுதிக் கையொப்பமிட்டனர். அத்தாளைக் காட்டியே, தயங்கிநின்ற தமிழ்த் தலைவர்களை அருணாசலம் இணங்கச் செய்தார். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார்.

1921இல் கொழும்பு நகர ஆசனம் பீரிசுக்கே போயிற்று. அருணாசலம் காங்கிரசை விட்டு விலகினார். ஒன்றுபட்ட இலங்கைக்காக உழைத்தவர், 1923இல் தமிழருக்கெனத் தனிச்சங்கம் நிறுவினார். 1924 ஜனவரியில், தலயாத்திரை சென்றவிடத்து, மதுரையில் மறைந்தார்.

கேட்கப்பட்டது ஓர் ஆசனந்தான். ஆயினும் இரு இனத்தவரையும் ஓரவையில் இருத்திய நம்பிக்கை அதனோடு போயிற்று. 1957, 1965ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களைப் படிப்போர், இந்த 1918ஆம் ஆண்டுத் தாளையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.