மூலம் காணாது எழுதிய நிரல்

'மூலமும் உரையும்' என்று நூல்முகப்பில் கண்டு பழகிய நமக்கு மூலம் என்னும் சொல் புதிதன்று. கணினித்துறையிலும் அச்சொல் அதே கனத்தோடு வழங்குகிறது. மனிதர் வாசிக்கத்தக்க வடிவில் நிரலாளர் எழுதுவது மூலநிரல்; விற்பனைக்கு வருவதோ எந்திரத்துக்கு மட்டும் விளங்கும் எண்கோவை. மூலத்தைக் கொடுப்பதா மறைப்பதா என்னும் வழக்கு, கம்பியில்லா வலையட்டைகளின் வரலாற்றில் எடுத்த வடிவம் இலக்கிய வாசகர்க்கும் சுவை தரும் என்று கருதுகிறோம்.

2000களின் முற்பாதியில் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியோர் பலர் ஒரே இடத்தில் இடறினர். மற்றவை இயங்கும், வலையட்டை ஊமையாய்க் கிடக்கும். அட்டையை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரலுக்கு 'இயக்கி' என்று பெயர். பிராட்காம் நிறுவனம் தன் சில்லுகளுக்கு அத்தகைய இயக்கியை லினக்ஸ் மடிக்கணினிகளுக்குத் தரவில்லை. பிறர் எழுதிக்கொள்ள வேண்டிய விவரங்களையும் வெளியிடவில்லை. இத்தனைக்கும் அதே நிறுவனத்தின் சில்லைக் கொண்ட லிங்க்சிஸ் வலைப்பெட்டிக்குள் ஓடியதே லினக்ஸ்தான். 2003இல் அது வெளிப்பட்டு, உரிம விதிப்படி மூலநிரல் வெளியானபோதும், வானொலிப் பகுதியின் இயக்கி மட்டும் மூடியே வந்தது. அலைவரிசையும் ஆற்றலும் நாட்டுக்கு நாடு சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை, திறந்துவிட்டால் பயனர் மீறுவர் என்பது இத்துறை நிறுவனங்கள் சில சொன்ன காரணம். அதில் ஓரளவு நியாயமுண்டு. வணிக மறைப்புக்கு அது வசதியான திரையாகவும் இருந்தது என்பதே நம் எண்ணம்.

விண்டோசுக்குரிய இயக்கியையே லினக்ஸில் இரவலாக ஓட்டும் 'என்டிஸ்ராப்பர்' சிலருக்குக் கைகொடுத்தது. மைக்கேல் பியூஷ் முதலானோர் வேறு வழி தேர்ந்தனர். ஒரு குழு மூடிய இயக்கியைப் பிரித்துப் பார்த்து, எந்த இடத்தில் எந்த எண்ணை எப்போது எழுதுகிறது என்பதைச் சாதாரண உரைநடையில் குறித்தது. மற்றொரு குழு அந்த எண்கோவையைக் கண்ணாலும் காணாமல், குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக நிரல் எழுதியது. வளையாபதி முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை. மேற்கோளாகவும் தொகையாகவும் எஞ்சிய பாடல்களை நாம் பொன்போல் போற்றுகிறோம். இவர்கள் நிலையோ நேர்மாறு. ஒரு வரி மேற்கோளாக வந்துவிட்டாலும் உழைப்பு முழுவதும் பதிப்புரிமை வழக்கில் சிக்கும். இவ்வாறு பிறந்த இயக்கி 2006 ஜூனில் லினக்ஸ் 2.6.17 பதிப்பில் இடம்பெற்றது.

அடுத்த ஆண்டு நேர்ந்ததுதான் வருத்தத்துக்குரியது. ஓப்பன்பிஎஸ்டி என்னும் மற்றொரு கட்டற்ற இயங்குதளத்துக்காக மார்க்கஸ் குளோக்கர் அதே சில்லுக்கு இயக்கி எழுதிக்கொண்டிருந்தார். அதில் தம் குழுவின் நிரற்பகுதிகள் அனுமதியின்றி இருப்பதாக 2007 ஏப்ரலில் பியூஷ் பலர் பார்வைக்கும் செல்லும் கடிதம் எழுதினார். பேசித் தீர்க்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தார். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம், எடுத்தாள்பவரும் அதே உரிமத்தில் வெளியிடவேண்டும் என்பது. பிஎஸ்டி மரபு அக்கட்டு இல்லாதது. ஓப்பன்பிஎஸ்டியின் தலைவர் தியோ டி ராட் கொதித்தெழுந்தார்: முடிவுறாத வேலை அது, முதலில் தனியாகச் சொல்லியிருக்கலாகாதா என்பது அவர் கேள்வி. குளோக்கர் இயக்கியையே நீக்கிவிட்டார். உரிமை பியூஷின் பக்கம் இருந்தது, கேள்வியும் பொருத்தமானதே. மூலத்தை மறைத்த நிறுவனம் வாளாவிருக்க, திறப்போர் இருவர் தம்முள் பொருதனர்.

ஏதெராஸ் சில்லுகளின் கதை சற்று இதமானது. ஓப்பன்பிஎஸ்டியின் ரெய்க் ஃபுளோட்டர் எழுதிய திறந்த நிரல்மீதும் ஐயம் எழுந்தது. சட்ட ஆய்வு 2007இல் அதைக் குற்றமற்றதென்றது. மறு ஆண்டு ஏதெராஸ் நிறுவனமே புதிய சில்லுகளுக்கு 'ஏடிஎச்9கே' இயக்கியைத் திறந்து தந்தது.

பிராட்காம் 2010 செப்டம்பரில் இறங்கிவந்தது. ஆனால் அன்று திறந்த இயக்கி புதிய சில்லுகள் சிலவற்றுக்கே பொருந்தியது. பழையவற்றுக்கு, மூலம் காணாதோர் எழுதியதன் வழிவந்த 'பி43' இயக்கியே இன்றும் துணை. அதுவும் தனித்து நிற்பதில்லை: சில்லுக்குள்ளேயே ஓடும் நிலைபொருளை நிறுவனத்தின் மூடிய இயக்கியிலிருந்து வெட்டியெடுக்க ஒரு சிறு கருவி பெரும்பாலும் வேண்டியிருக்கிறது.