இணையவழி எழுத்துச் சிகிச்சை

இணையவழி எழுத்துச் சிகிச்சை என்பது போர், விபத்து, பாலியல் வன்முறை, நெருங்கியவரின் திடீர் மரணம் போன்றவற்றால் உளக்காயம் அடைந்த வயதுவந்தோருக்குச் சிகிச்சையாளர் ஒருவர் இணையத்தின் வழியே தனித்தனியாக அளிக்கும் உளச்சிகிச்சை. கொடுங்கனவு, நடந்து முடிந்தது மறுபடியும் கண்முன் நடப்பது போன்ற உணர்வு, அதை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குதல், ஓயாத பதற்றம் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவர்கள் அதைப் பி.டி.எஸ்.டி. (உளக்காயத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்பார்கள். இம்முறை முதன்மையாக அதற்காக உருவானது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்வின் மிகத் துன்பமான நிகழ்வைப் பற்றி எழுத வைத்தார். எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப்ரெட் லாங்கேவும் அவருடைய குழுவினரும் 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கிய ‘இன்டராபி’ திட்டத்தில் அந்தப் பதில் சேர்ந்தது. எழுத்து சிகிச்சையானது அப்போதுதான்.

ஐந்து வாரம், வாரத்துக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 45 நிமிடம் எழுத வேண்டும். முதல் கட்டத்தில் நிகழ்வின் மிகக் கொடுமையான கணத்தை, ‘நான்’ என்று, இப்போதே நடப்பதுபோல, கண்டது கேட்டது முகர்ந்தது எதையும் விடாமல் எழுதச் சொல்வார்கள். பிழை பார்க்க வேண்டியதில்லை. அடுத்த கட்டத்தில், அதே துன்பத்துக்கு ஆளான ஒரு கற்பனைத் தோழிக்கோ தோழருக்கோ ஆறுதல் கடிதம். ‘என் தவறுதான்’ என்று ஆண்டுக்கணக்காகத் தன்னையே குற்றஞ்சாட்டி வந்தவர், அதே பழியை இன்னொருவர் மேல் சுமத்தத் துணிவதில்லை. திட்டத்தின் மிக நுட்பமான இடம் இதுவே. கடைசிக் கட்டத்தில் தனக்கோ நெருங்கியவருக்கோ நிகழ்வில் தொடர்புடையவருக்கோ ஒரு கடிதம். அதை அனுப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. இடையிடையே சிகிச்சையாளர் எழுத்தைப் படித்துப் பதிலும் அடுத்த வழிகாட்டலும் அனுப்புவார்.

முகம் பாராத உறவில் நம்பிக்கை முளைக்குமா என்ற ஐயம் தொடக்கம் முதலே உண்டு. கிறிஸ்டினே க்னேவல்ஸ்ருட், ஆண்ட்ரியாஸ் மெர்க்கர் இருவரும் ஜெர்மன் மொழி பேசும் 96 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு, அறிகுறிகள் குறைந்ததோடு சிகிச்சையாளருடனான பிணைப்பும் வலுவாகவே இருந்ததைக் காட்டியது. கூச்சமும் அவமான உணர்வும் உளக்காயத்தோடு ஒட்டிப் பிறப்பவை. நேருக்கு நேர் சொல்ல நா எழாததைத் திரைக்கு எழுதிவிட முடிகிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

மருத்துவரை நெருங்கவே முடியாத இடங்களிலும் இம்முறை பயன்பட்டது. போரால் சிதைந்த ஈராக் முதலான நாடுகளின் மக்களுக்காக அரபு மொழியில் ‘இலாஜ்நஃப்ஸி’ என்ற திட்டம் பெர்லினிலிருந்து நடத்தப்பட்டது. 159 பேர் பங்கேற்ற அதன் ஆய்வு 2015-இல் வெளியானது; சிகிச்சை பெற்றவர்களின் அறிகுறிகள், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தன.

எல்லாருக்கும் இது ஏற்றதன்று. தற்கொலை எண்ணம் உள்ளவர், மனச்சிதைவு அறிகுறி உள்ளவர், நினைவு துண்டிப்பு கடுமையாக உள்ளவர் ஆகியோரைத் தொடக்கச் சோதனையிலேயே பிரித்து நேரடிச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். எழுதும்போது ஒருவர் நிலைகுலைந்தால் அதைக் காண எதிரே ஆள் இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டலும், கணினிவழிச் சிகிச்சையை நேரடிச் சிகிச்சையைவிட விரும்புவோருக்கு, அறிகுறி தீவிரமில்லை, ஆபத்தும் இல்லை என்றால் மட்டுமே பரிந்துரைக்கிறது. வீட்டில் தனிமை கிடைக்காதது இன்னொரு சிக்கல். ஒரே அறையில் குடும்பமே வாழும்போது, அதிலும் துன்புறுத்துபவர் அதே வீட்டில் இருக்கும்போது, கைப்பேசியில் தங்கிவிடும் எழுத்தே புதிய ஆபத்தாகலாம்.

கொரோனா காலத்துக்குப் பின் வீடியோ அழைப்புவழிச் சிகிச்சை பரவலாகிவிட்டது. அதில் சிகிச்சையாளர் ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் சிகிச்சை பெறுபவர் எங்கிருந்து பேசுகிறார், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று கேட்டுக்கொள்வது நல்ல வழக்கம். இந்தியாவில் 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் (14416) தமிழிலும் பேசக்கூடிய இலவச மனநல உதவி எண். இதை முழுச் சிகிச்சையாகக் கருதக் கூடாது: முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல வல்லுநரிடமோ மாவட்ட மனநலத் திட்டத்திடமோ ஒப்படைப்பார்.