கைமின்விளக்கின் வரலாறு: தீவட்டி முதல் எல்.இ.டி. வரை

கைமின்விளக்கு என்பது மின்கலத்தின் ஆற்றலால் ஒளிரும், கையில் எடுத்துச் செல்லக்கூடிய விளக்கு ஆகும். தமிழகத்தில் இது டார்ச் லைட், பேட்டரி லைட் என்ற பெயர்களால் அழைக்கப்படுகிறது. கிராமங்களில் 'ரெண்டு கட்டை', 'மூணு கட்டை' என்று அதில் போடும் பேட்டரிகளின் எண்ணிக்கையைச் சொல்லியே அளவைக் குறிப்பர். தொடக்க காலம் முதல் இன்றுவரை, எவ்வளவு தொலைவுக்கு ஒளி பாயும் என்பதே இதன் விற்பனைப் பெருமையாக இருந்து வருகிறது. ஆனால் விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் போன்ற ஊர்களில் இரவில் வரப்பு வழியே நடப்பவருக்கு வேண்டியவை இரண்டு: காலடிக்கு முன் பத்தடி தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும், வீடு திரும்பும்வரை விளக்கு அணையக்கூடாது.

மின்கலத்திற்கு முன்

பெருமுக்கல் மலைக்கோட்டை கர்நாடகப் போர்க்காலத்தில் 'பெர்மகாயில்' என்ற பெயரில் ஆங்கிலேயர் குறிப்புகளில் இடம்பெற்றது. 1760இல் அதனை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அக்காலத்தில் இரவு நடமாட்டத்திற்குத் தீவட்டியும் பந்தமுமே துணை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் பரவியதும் சிம்னி விளக்கும், காற்றில் அணையாத அரிக்கேன் விளக்கும் வந்தன. தெருக்கூத்துக்கும் திருமண ஊர்வலத்திற்கும் பெட்ரோமாக்ஸ் வந்தது. அரிக்கேன் விளக்கின் ஒளி மங்கலானது. ஆனால் அது நடப்பவரின் காலைச் சுற்றி விழும். வயலுக்குச் செல்வோர் அதனை நெடுங்காலம் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டுபிடிப்பு

பிரான்சு நாட்டின் லெக்லாஞ்சி 1866இல் உருவாக்கிய மின்கலம் கண்ணாடிச் சாடியில் திரவத்தைக் கொண்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. செருமானியரான கார்ல் காஸ்னர் 1880களில் திரவம் சிந்தாத உலர்மின்கலத்தை உருவாக்கினார். இன்று 'பெரிய கட்டை' எனப்படும் டி அளவுக் கலம் அமெரிக்காவில் 1898இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1899 ஜனவரியில், டேவிட் மிசல் என்பவர் குழாய் வடிவக் கைவிளக்கிற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கான்ராட் ஹியூபர்ட்டின் நிறுவனம் அதனை விற்றது. எவரெடி என்ற பெயர் அங்கிருந்து பிறந்ததே. அன்றைய கலங்களால் தொடர்ந்து எரிக்க இயலவில்லை. சில நொடிகள் எரித்து அணைக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'ஃபிளாஷ்லைட்' என்ற பெயர் அதனால் வந்தது. 1910ஆம் ஆண்டையொட்டி டங்ஸ்டன் இழை பல்புகள் வந்த பிறகே இது நம்பத்தக்க விளக்காயிற்று.

இந்தியாவில்

எவரெடி பேட்டரிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இறக்குமதி செய்யப்பட்டன. பின்னாளில் யூனியன் கார்பைடு இந்தியா என்று அறியப்பட்ட நிறுவனம் 1934இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவை அடுத்து 1952இல் சென்னையிலும் அதன் பேட்டரி ஆலை இயங்கத் தொடங்கியது. லக்னோவில் டார்ச் லைட் ஆலை 1958இல் அமைந்தது. 1984 டிசம்பரில் போபால் நச்சுவாயுப் பேரழிவை விளைவித்ததும் இதே நிறுவனத்தின் ஆலைதான். 1994இல் நிறுவனம் கைமாறி, பின்னர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் எனப் பெயர் மாறியது.

அக்கால டார்ச் லைட் பித்தளை அல்லது தகரக் குழாயால் ஆனது. பின்மூடிக்குள் ஓர் உதிரி பல்பு இருக்கும். ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் அது இருந்தது. கட்டை தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் சில நாள் ஓட்டுவர். பிறகு கடிகாரத்திற்கோ ரேடியோவிற்கோ மாற்றுவர். எடுக்க மறந்தால் துத்தநாக உறை அரித்துக் கட்டை ஒழுகி, குழாயே வீணாகும். டூரிங் டாக்கீசில் இருட்டில் இடம் காட்டுபவரின் கையிலும் ஊர்க் காவல்காரரின் கையிலும் அதனைக் கண்ட தலைமுறைக்கு, டார்ச் லைட் என்பது ஒரு மதிப்புப் பொருள்.

இரவு வேலையும் பாம்புக்கடியும்

திண்டிவனம் வட்டாரம் நெல்லுக்கும் மணிலாவுக்கும் பேர்போனது. 'மல்லாட்டை' என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் மணிலாவில் டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கிய இரகங்கள், திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையே குறிப்பவை. கிணற்றுப் பாசனத்தில் மின்மோட்டார்கள் பெருகின. 1990 முதல் தமிழகத்தில் விவசாயத்திற்கு மின்சாரம் இலவசம் ஆயிற்று. ஆனால் மும்முனை மின்சாரம் நாள் முழுதும் கிடைக்கவில்லை. பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று பங்கிட்டுத் தரப்பட்டது. இரவு முறை வரும்போது மோட்டார் போடவும் மடை திருப்பவும் விவசாயி நள்ளிரவில் வயலுக்குப் போக வேண்டியதாயிற்று. அரிக்கேன் விளக்கிலிருந்து டார்ச் லைட்டுக்கு மாறிய பலருக்கு அது உழவுக் கருவிகளுள் ஒன்றாக ஆனது இப்படித்தான்.

இரவு வரப்பில் முதல் ஆபத்து பாம்பு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகியவை பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் கிராமத்தினர். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இரவில் விளக்கோடும் தடியோடும் நடப்பதே மருத்துவர்கள் கூறும் எளிய தற்காப்பு.

எல்.இ.டி. வருகை

ஒளியுமிழ் இருமுனையம் எனப்படும் எல்.இ.டி.யில் சிவப்பு ஒளியை 1962இல் நிக் ஹோலோன்யாக் காட்டினார். வெள்ளை ஒளிக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. அதனைச் சாத்தியமாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளியின்மீது மஞ்சள் ஒளிரும் பூச்சைச் சேர்த்த வெள்ளை எல்.இ.டி. 1996இல் சந்தைக்கு வந்தது.

பழைய இரண்டு கட்டை டார்ச் லைட் தந்த ஒளி ஏறத்தாழ 10 முதல் 20 லூமன். இன்றைய நல்ல எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்தில் 100 லூமன் தரும். இழை அறுந்துபோகும் பல்பும் இதில் இல்லை. முன்பு ஊருக்கு ஒன்றாக இருந்த பொருள் இன்று சில நூறு ரூபாய்க்கு வாரச்சந்தையில் கிடைக்கிறது. மலிவாகிவிட்டதால் போலிகளும் பெருகியுள்ளன.

தேர்ந்தெடுக்கும் முறை

தொலைவு: அட்டையில் உள்ள மீட்டர் கணக்கு பெரும்பாலும் ஏமாற்றும். 2009இல் வகுக்கப்பட்ட அமெரிக்கத் தரமுறைப்படி, ஒளி முழுநிலவின் அளவுக்குக் குறையும் இடமே 'எட்டும் தொலைவு'. எனவே 300 மீட்டர் என்றால், அங்கே நிலா வெளிச்சம் அளவே விழும். ஒளிக்கற்றை குறுகியிருந்தால் தொலைவு கூடும். காலடி இருளாகவே இருக்கும். வரப்பில் நடப்பவருக்கு அகன்று விழும் 100 லூமன் போதும். காட்டுப்பன்றி காவலுக்கு மட்டும் குறுகிய கற்றை பயன்படும்.

மின்கலம்: மலிவான சார்ஜ் விளக்குகள் சிலவற்றில் சிறிய 4 வோல்ட் ஈய அமிலக் கலம் இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தால் அது பாழாகும். மாதம் ஒருமுறையாவது ஏற்ற வேண்டும். லித்தியம் அயனிக் கலம் நீண்ட நாள் உழைக்கும். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட 18650 கலத்தில் தரமானவை 2,500 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். 2,500 அளவுள்ள கலம் 100 லூமன் ஒளியை ஏறத்தாழ 8 மணி நேரம் தரும். கலத்தைக் கழற்றி மாற்றக்கூடிய விளக்கு நல்லது. மின்வெட்டு நீளும் ஊர்களில், பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியில் எரியும் விளக்கு ஒன்றும் வீட்டில் இருப்பது நலம்.

பாதுகாப்பு: பிளக்கை நேரே சுவரில் செருகும் மலிவு விளக்குகளை, சார்ஜ் ஏறும்போது தொடக்கூடாது, பலவற்றில் உள்ளே மின்காப்பு இல்லை. மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 குறியீடு போதும். தவறிக் கிணற்றுத் தொட்டியில் விழுந்தாலும் பிழைக்க ஐ.பி.எக்ஸ்.7 வேண்டும்.

மடை திருப்புவோருக்குத் தலையில் கட்டும் விளக்கு ஏற்றது. மண்வெட்டிக்கு இரண்டு கைகளும் கிடைக்கும். கைப்பேசியின் விளக்கை மட்டும் நம்பி வயலுக்குப் போவது சரியன்று. ஆபத்தில் 108ஐ அழைக்க அதன் சார்ஜ் தேவை. பாம்பு கடித்துவிட்டால் கடிவாயை அறுக்காமலும் இறுக்கிக் கட்டாமலும் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு தரப்படும் நச்சுமுறி மருந்தைத் தயாரிப்பதற்கான பாம்பு நஞ்சை, மாமல்லபுரம் அருகே 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வருகிறது.

கடையில் வாங்கும்போது விளக்கை எதிர்ச்சுவரில் அடித்துப் பார்ப்பது வழக்கம். அதைவிட இருட்டான மூலையில் நின்று, இடுப்பு உயரத்தில் பிடித்துத் தரையில் அடித்துப் பார்ப்பதே பயனுள்ள சோதனை.