இயற்கைத் தொடர்முறை வேளாண்மை: ஆஸ்திரேலிய ஓடைகளை மீட்ட வரலாறு

இயற்கைத் தொடர்முறை வேளாண்மை (நேச்சுரல் சீக்குவென்ஸ் ஃபார்மிங்) என்பது, பண்ணை நிலத்தில் ஓடையும் வெள்ளச் சமவெளியும் முன்பு ஆற்றிய பணியை மீண்டும் நடைபெறச் செய்து வறட்சியைத் தாங்கும் முறையாகும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பீட்டர் ஆண்ட்ரூஸ் என்னும் பண்ணையாளர் இதனை உருவாக்கினார்.

பின்னணி

ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன், தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் ஓடைகள் பல, ஆழமான கால்வாயாக ஓடவில்லை. நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்புகளும், அவற்றினிடையே குளங்களும் சங்கிலிபோல் அமைந்திருந்தன. கோல்பர்ன் நகருக்கு அருகிலுள்ள முல்வாரி குளத்தொடர் இன்றும் எஞ்சியிருக்கும் சான்றாகும். மழை பெய்தால் வெள்ளம் சமவெளியில் பரவி, வண்டலைப் படியவிட்டு, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மழையற்ற மாதங்களில் அந்த நீரே ஓடைக்குத் திரும்பிக் கசியும்.

1788க்குப் பின் வந்த குடியேறிகள் காடுகளை வெட்டினர், சதுப்புகளை வடித்தனர், ஆடுமாடுகளை ஓடைக்கரைகளில் மேயவிட்டனர். தாவரப் பிடிப்பை இழந்த ஓடைகள் அரித்து ஆழமாயின. ஓடையின் படுகை தாழ்ந்ததும், இருபுறத்து மண்ணிலிருந்த நிலத்தடி நீரும் அதற்குள் வடிந்தது. இதனால் மழை பெய்த சில வாரங்களிலேயே நிலம் காய்ந்தது.

டார்வின் பார்க்

ஆண்ட்ரூஸ் 1970களில் பைலாங் பள்ளத்தாக்கிலுள்ள டார்வின் பார்க் என்னும் குதிரைப் பண்ணையை வாங்கினார். அரிப்பாலும் உவர்ப்பாலும் கெட்டிருந்த நிலம் அது. கல், மரத்துண்டு, செடிகள் ஆகியவற்றால் ஓடையில் கசியும் தடுப்புகளை அமைத்தார். இவை அணைபோல் நீரை முழுதும் நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, வண்டலைப் பிடித்துக்கொண்டு, மிகுதியைக் கீழே விடும்.

எதிர்ப்பும் ஏற்பும்

வில்லோ மரங்களையும் களைச்செடிகளையும் மண்ணைக் காக்கப் பயன்படுத்தலாம் என்று அவர் கூறியது கடும் எதிர்ப்பைப் பெற்றது. வில்லோவை ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றுவதே அப்போதைய நடைமுறை. போதிய அளவீடுகள் இல்லை என்று அறிவியலாளர் சிலர் குறைகூறினர். மேற்புறத்தில் நீரைத் தடுத்தால் கீழ்ப்புற விவசாயிக்குக் குறையுமே என்ற அச்சமும் எழுந்தது. அது நியாயமான கேள்வியே.

2005இல் ஏபிசி தொலைக்காட்சியின் ‘ஆஸ்திரேலியன் ஸ்டோரி’ நிகழ்ச்சி அவரை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டு அவரது ‘பேக் ஃப்ரம் தி பிரிங்க்’ நூல் வெளிவந்தது. அப்போது நாடு ‘மில்லேனியம் வறட்சி’ எனப்படும் நீண்ட வறட்சியில் தவித்துக்கொண்டிருந்தது.

முல்லூன் ஓடை

2006இல் பங்கெண்டோர் அருகே டோனி கூட் என்னும் பண்ணை உரிமையாளர், ஆண்ட்ரூஸின் துணையுடன் முல்லூன் ஓடையில் தடுப்புகளை அமைத்தார். பின்னர் இப்பணிக்காகவே முல்லூன் நிறுவனம் தொடங்கப்பட்டது. இங்கு நீரோட்டமும் நிலத்தடி நீர்மட்டமும் அளக்கப்பட்டன. ஒரு பண்ணையில் தொடங்கிய முயற்சி, அண்டைப் பண்ணையாளரும் இணைந்து, ஏறத்தாழ 23,000 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான திட்டமாக வளர்ந்தது. கீழ்ப்புறத்தார் அச்சத்தைப் போக்க இதுவே சரியான வழி: ஓடை முழுவதையும் ஒன்றாகக் கருதி, அனைவரும் கூடி முடிவெடுப்பது.

நிலக்கரியும் நிலமும்

டார்வின் பார்க்கின் பிற்கால வரலாறு வேறு. தென்கொரியாவின் கெப்கோ நிறுவனம் நிலக்கரிச் சுரங்கத்துக்காக அதனை வாங்கியது. 2019இல் மாநிலத்தின் சுயாதீனத் திட்ட ஆணையம் அச்சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. மீட்கப்பட்ட மண்ணும் உரிமை கைமாறினால் மீண்டும் இழக்கப்படலாம் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.