ஐம்பது வார்த்தை டிக்டேஷன்

ஐயெல்ட்ஸ் எழுதிட்டு வெளிநாடு வந்தவங்க எல்லாம் ஒரு தடவை கையைத் தூக்குங்க பார்க்கலாம். நான் தூக்கியாச்சு. மதுரையில கோச்சிங் கிளாஸ், காதுல ஹெட்போன், பஸ்ல போகும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே ஸ்பீக்கிங் பயிற்சி. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியா பார்த்துட்டு எழுந்து போனது தனிக்கதை. முதல் தடவை ரைட்டிங்ல அரை மார்க் குறைஞ்சு, அப்பாகிட்ட மறுபடி பணம் கேட்டு, ரெண்டாவது தடவை தேறித்தான் மெல்போர்ன் வந்து சேர்ந்தேன். அதனால 'பரீட்சை எழுதி வந்தவன்டா'ன்னு உள்ளுக்குள்ள ஒரு சின்ன கர்வம் எப்பவும் உண்டு.

அந்த கர்வத்துக்கு இந்த வருஷம் பொங்கல் சமயத்துல ஒரு அடி விழுந்துச்சு.

இங்க ரொம்ப வருஷமா இருக்கற ஒரு அண்ணன் வீட்டுல பொங்கல். சாப்பாடு முடிஞ்சதும் பேச்சு எங்கெங்கயோ போய், படகுல வந்த ஈழத்தமிழர்கள் மேல வந்து நின்னுச்சு. "நாமெல்லாம் பரீட்சை எழுதி, பாயிண்ட் எடுத்து, வரிசையில நின்னு வந்தோம் தம்பி. இவங்க குறுக்கு வழியில வந்துட்டு உரிமை கேட்டா எப்படி?"ன்னார் அண்ணன். நானும் தலையாட்டினேன். அவர் வீட்டு சர்க்கரைப் பொங்கல் வாயில இருந்துச்சுன்னு சாக்கு சொல்லலாம், ஆனா மனசும் சேர்ந்துதான் ஆட்டுச்சு.

மறுநாள் நான் பகுதிநேரமா பாத்திரம் கழுவற ஓட்டல் சமையலறை. என்னோட வேலை பார்க்கறவர் முல்லைத்தீவுக்காரர். 2012-ல படகுல வந்தவர். இன்னிக்கு வரைக்கும் தற்காலிக பிரிட்ஜிங் விசாதான், நிரந்தரமா எதுவும் கிடையாது. வாய் சும்மா இருக்காம, பொங்கல் வீட்டுல நடந்த பேச்சை அவர்கிட்ட ஒப்பிச்சுட்டேன். தேய்ச்சுக்கிட்டிருந்த சட்டியை நிறுத்தாமலே சொன்னார்:

"எனக்கு ஒருத்தரும் சோதினை வைக்கேல்லை தம்பி. வைச்சிருந்தா நானும் எழுதியிருப்பன்."

அவ்வளவுதான். கோவம்கூட இல்லை. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அடுத்த வாரம் ஃபிளிண்டர்ஸ் தெருவுல பழைய சுங்க மாளிகையில இருக்கற குடியேற்ற அருங்காட்சியகத்துக்குப் போனேன். இந்த நாட்டுக் கதவுல 'பரீட்சை'ங்கற பூட்டை முதல்ல மாட்டினது யாருன்னு தெரிஞ்சுக்கணும் போல இருந்துச்சு. சரி, மேட்டருக்கு வருவோம்.

1901 ஜனவரி 1 அன்று ஆறு காலனிகள் சேர்ந்து ஆஸ்திரேலியா ஒரே நாடானது. அப்போது நாடாளுமன்றம் கூடியது இதே மெல்போர்னில்தான், கான்பெராவுக்கு மாறியது 1927-ல். அந்த முதல் நாடாளுமன்றம் முதல் வருஷத்திலேயே போட்ட சட்டங்களில் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையர் அல்லாதவர்களை உள்ளே விடக்கூடாது என்பதுதான் நோக்கம், சபையில் அதை யாரும் மறைக்கவும் இல்லை. ஆனால் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் நிறம், இனம் என்ற பேச்சே இருக்காது. இருந்தது ஒரு டிக்டேஷன் பரீட்சை! அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 வார்த்தை வாசிப்பார். வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். தவறினால் 'தடை செய்யப்பட்ட குடியேறி' என்று பெயர். சிறை, நாடு கடத்தல்.

'ஏதாவது ஒரு' என்பதில்தான் சூட்சுமம். எந்த மொழி என்று முடிவு செய்வது அதிகாரி. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா? அப்ப ஜெர்மன். ஜெர்மனும் தெரியுமா? இத்தாலியன் எழுதுங்க. 1902-03-ல் 805 பேருக்குப் பரீட்சை வைத்தார்கள், 46 பேர் தேறினார்கள். 1904 முதல் 1909 வரை 554 பேரில் 6 பேர். 1909-க்குப் பிறகு ஒருத்தர்கூடத் தேறவில்லை. ஊரே சேர்ந்து முட்டாளாகிவிடவில்லை மக்களே, அதிகாரிகள் கை தேர்ந்துவிட்டார்கள். வந்து இறங்கிய உடனேதான் என்றும் இல்லை. முதலில் ஒரு வருஷத்துக்குள் வைக்கலாம் என்று இருந்தது, 1932-ல் வந்து ஐந்து வருஷம் வரை வைக்கலாம் என்று ஆக்கினார்கள். நாலு வருஷம் வேலை பார்த்து நிம்மதியாக இருப்பவர் வீட்டுக் கதவைத் தட்டி 'பேப்பர் பேனா எடுங்க' என்றால் எப்படி இருக்கும்!

இந்தக் கூத்தின் உச்சம் 1934. எகோன் கிஷ் என்று ஒரு பத்திரிகையாளர், பிராகில் பிறந்தவர், ஹிட்லரின் எதிரி. மெல்போர்னில் நடந்த போர் எதிர்ப்பு மாநாட்டுக்கு வந்தார். அரசுக்கு அவரை விட மனசில்லை, கப்பலிலேயே இருக்கச் சொன்னார்கள். மனுஷன் மெல்போர்ன் துறைமுகத்தில் கப்பல் மேல்தளத்தில் இருந்து கரைக்கே குதித்துவிட்டார், கால் முறிந்தது. தூக்கிக் கொண்டுபோய் மறுபடி கப்பலிலேயே போட்டார்கள். சிட்னி போனதும் நீதிமன்றம் விடுவித்தது. உடனே டிக்டேஷன் பரீட்சை. பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர் ஆச்சே, எதில் வைப்பது? ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் வைத்தார்கள்! ஃபெயில். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. சட்டம் சொல்லும் 'ஐரோப்பிய மொழி' என்பதில் கேலிக் அடங்காது என்று தீர்ப்பு வந்தது. நாடே சிரித்தது. ஆனால் சட்டம் அதுக்கப்புறமும் 24 வருஷம் உயிரோடு இருந்தது.

இதுவரைக்கும் படிச்சப்போ 'பாவம்யா'ன்னு வேடிக்கை பார்க்கற மாதிரிதான் இருந்துச்சு. இந்தப் பரீட்சை யோசனை ஆஸ்திரேலியாவுக்கு எங்கே இருந்து வந்ததுன்னு தேடினப்பதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது வந்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருந்து. அங்கே அதை எழுதினது நம்ம ஆட்களை மனசுல வெச்சுத்தான்.

1860 அக்டோபரில் சென்னையில் இருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் கிளம்பியது. நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கியவர்கள்தான் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள், தமிழரும் தெலுங்கருமாக. அப்புறம் வருஷக்கணக்கில் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் சிலர் அங்கேயே தங்கி காய்கறி போட்டார்கள், கடை வைத்தார்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வியாபாரிகளும் வந்தார்கள். வெள்ளையருக்கு எரிச்சல். 1896 டிசம்பரில் இந்தியர்களோடு வந்த இரண்டு கப்பல்களை டர்பனில் வாரக்கணக்கில் இறங்கவிடாமல் நிறுத்தி வைத்தார்கள். அதில் ஒன்றில் காந்தி இருந்தார். 1897 ஜனவரி 13 அன்று அவர் இறங்கியதும் கும்பல் அடித்தது நமக்குத் தெரிந்த கதை. அதே 1897-ல் நேட்டால் ஒரு சட்டம் போட்டது: உள்ளே வருபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

கவனியுங்க, தோட்டத்துக்கு வரும் ஒப்பந்தக் கூலிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது! கரும்பு வெட்ட வர்றவனுக்குப் பரீட்சை இல்லை, பக்கத்துல கடை போட வர்றவனுக்குத்தான்.

லண்டனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. இந்தியாவும் அவர்கள் ராஜ்யம்தான், ஜப்பானையும் பகைக்க முடியாது, அதனால் 'நிறம்' என்று சட்டத்தில் எழுதினால் தர்மசங்கடம். காலனித்துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் 1897-ல் லண்டனில் கூடிய காலனிப் பிரதமர்களிடம் நேட்டால் வழியைப் பின்பற்றச் சொன்னார். நாலு வருஷத்தில் அது இன்னும் கொஞ்சம் விஷம் ஏறி மெல்போர்ன் வந்து சேர்ந்தது.

டிக்டேஷன் பரீட்சை ஒழிந்தது 1958-ல். 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை 1966-ல் தளர்ந்து 1973-ல் முழுசாகப் போனது. நடுவில் ஒரு வேடிக்கை: 1951-ல் கொழும்புத் திட்டம் தொடங்கி, அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தபோதே ஆசிய மாணவர்கள் இங்கே படிக்க வந்தார்கள். படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. அவர்களோடு ஒரே வகுப்பில், ஒரே விடுதியில் இருந்து பழகிய வெள்ளைக்கார மாணவர்கள் மனசு மாறியதற்கும் கொள்கை மாறியதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். நமக்கு முன்னால் வந்த சீனியர்கள் சும்மா படிச்சுட்டு மட்டும் போகலை.

அப்ப ஐயெல்ட்ஸும் டிக்டேஷனும் ஒண்ணான்னு கேட்டா, இல்லை. என்ன மொழின்னு எனக்கு முன்னாடியே தெரியும். மாதிரி வினாத்தாள் கிடைக்கும். தோத்தா மறுபடி எழுதலாம், நானே எழுதினேன். தேறணும்னு வைக்கற பரீட்சைக்கும் தோக்கணும்னு வைக்கற பரீட்சைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனா கோச்சிங் ஃபீஸ், பரீட்சை ஃபீஸ், 2025 ஜூலையில 2000 டாலர் ஆன மாணவர் விசா கட்டணம், இதெல்லாம் கட்ட ஒரு அப்பா எனக்கு இருந்தார். பரீட்சை அறை வரைக்கும் போக ஒரு அமைதியான ஊர் இருந்துச்சு. வரிசையில நின்னேன்னு பெருமைப்பட்டேனே, அந்த வரிசை எங்க வீட்டு வாசல்ல இருந்தே ஆரம்பிச்சுது. முல்லைத்தீவுல 2009-ல எந்த வரிசை இருந்துச்சு?

குவீன்ஸ்லாந்துல பிலோயிலான்னு ஒரு சின்ன ஊர். அங்க இருந்த ஈழத்தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடிகாலையில் அதிகாரிகள் தூக்கிப் போனாங்க. இங்கேயே பிறந்த ரெண்டு பெண் குழந்தைகள். நாலு வருஷம் தடுப்புக்காவலும் வழக்குமா போச்சு. 2022-ல அவங்க வீடு திரும்பி நிரந்தர விசா வாங்கினதுக்குக் காரணம், விடாம குரல் கொடுத்த அந்த ஊர்க்காரங்க, பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. பரீட்சை எழுதி வந்த என்னை மாதிரி ஆளுங்க அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்னு நினைச்சா கூச்சமா இருக்கு.

அருங்காட்சியகத்துல ஒரு நேர்காணல் அறை இருக்கு. நீங்களே குடியேற்ற அதிகாரியா உட்கார்ந்து, விண்ணப்பிக்கறவங்க பேசறதைக் கேட்டு, விடலாமா வேணாமான்னு முடிவு சொல்லணும். விளையாட்டுதான். எனக்கு என்னவோ விளையாட்டா தோணலை. பொங்கல் வீட்டு சோபாவுல உட்கார்ந்து தலையாட்டினப்ப நான் உட்கார்ந்திருந்ததும் அதே நாற்காலிதான்.

அடுத்த ஷிப்ட்ல அவர்கிட்ட இந்த நேட்டால் கதை, கேலிக் கதை எல்லாம் சொன்னேன். கப்பல்ல இருந்து குதிச்ச இடத்துல மட்டும் சிரிச்சார். "கால் முறிஞ்சாலும் வந்துட்டான் என்ன"ன்னார். அப்புறம் அடுத்த சட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

டிஸ்கி: பொங்கல் அண்ணன் இதைப் படிச்சா - அண்ணே, உங்க பேச்சுக்கு மட்டும்தான் இந்தப் பதில். உங்க வீட்டு சர்க்கரைப் பொங்கலுக்கு மெல்போர்ன்ல ஈடே கிடையாது. அடுத்த வருஷமும் கூப்பிடுங்க, அவரையும் கூட்டிட்டு வரேன் :-)