பாம்பு தன்னையே கடிச்சுக்கிட்டா சாகுமா?

1/
மழைக்காலம், நைட் டூட்டி. வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போன பெரியவர் ஒருத்தரைக் கண்ணாடி விரியன் கடிச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள எங்க ஜிஹெச்சுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. கொஞ்சம் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாய்ல எடுத்து, அசைக்காம 20 நிமிஷம் வெச்சுப் பார்த்தோம். உறையவே இல்ல. விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். விஷமுறிவு மருந்து ட்ரிப்ஸ்ல ஓட ஆரம்பிச்சதும், பக்கத்துல நின்ன மகன் மெதுவா கேட்டார்: "டாக்டர், இவ்வளவு விஷத்தை வாயிலயே வெச்சிருக்கே, அது தன்னையே கடிச்சுக்கிட்டா செத்துடுமா?"

அப்போ பதில் சொல்ல நேரமில்ல. இப்போ சொல்றேன். ஏன்னா இந்தக் கேள்வியோட வரலாறும் அந்த ட்ரிப்ஸோட வரலாறும் பல இடத்துல ஒண்ணா நடந்து வந்திருக்கு.

2/
முதல்ல இத்தாலி. பாம்போட பித்தத்துலதான் விஷம் இருக்குன்னு நம்பின காலம். 1664-ல பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் அதை மறுத்து ஒரு நூல் எழுதினார். அவர் முன்னாடியே ஒரு பாம்புப் பிடாரர் விரியன் விஷத்தைக் குடிச்சுக் காட்டினார். ஒண்ணும் ஆகல. விஷம் கொல்லணும்னா கடிவாய் வழியா உடம்புக்குள்ள போகணும்னு அப்போ புரிஞ்சது.

தான் கொன்ன எலியை விஷத்தோட சேர்த்தே முழுங்குற பாம்பு சாகாததுக்கும் இதுதான் காரணம். விஷம் பெரும்பாலும் புரதம். வயித்துல ஜீரணமாயிடும். (இதைப் படிச்சுட்டு யாரும் கடிவாயில வாய் வெச்சு உறிஞ்சாதீங்க. நோயாளிக்கு அதால பிரயோஜனம் இல்ல, உங்க வாயில புண் இருந்தா உங்களுக்கும் ஆபத்து.)

3/
சரி, ரத்தத்துலயே கலந்தா? இதைச் சோதிச்சவர் ஃபெலிச்சே ஃபோன்டானா, அவரும் இத்தாலிக்காரர்தான். 1767-லயும் 1781-லயும் விரியன் விஷம் பற்றி எழுதினார். சுமார் 3000 விரியன்கள், 6000-க்கும் மேல சோதனைகள். விரியனை விரியனே கடிக்க வெச்சுப் பார்த்தார், சாகல. விரியன் விஷம் விரியனுக்கு விஷமில்லைன்னு முடிவு சொன்னார்.

4/
ஏறத்தாழ நூறு வருஷம் கழிச்சு அமெரிக்காவுல வியர் மிட்செல், கிலுகிலுப்பைப் பாம்புக்கு அதோட விஷத்தையே ஊசியா போட்டார். சிலது செத்துப்போச்சு, ஆனா மெதுவா. நம்ம நாட்டுல, கல்கத்தாவுல ஜோசப் ஃபேரர் 1872-ல தன்னோட சோதனைகளைப் பெரிய நூலா வெளியிட்டார். நல்ல பாம்பு கடிச்சா விஷமில்லாத பாம்புகள் செத்தது. இன்னொரு நல்ல பாம்பு தாங்கிக்கிச்சு.

ஆக, பாம்புக்குப் பாதுகாப்பு இருக்கு, ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. அப்போ அந்தப் பாதுகாப்பு உடம்புல எங்க இருக்கு?

5/
1890-கள்ல பிரான்ஸ்ல ஃபிசாலிக்ஸும் பெர்ட்ரானும் ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க. விரியனோட ரத்தத்துலயே விஷத்தை முறிக்குற பொருள் இருக்கு. கிட்டத்தட்ட அதே சமயம் இன்னொரு கேள்வியும் எழுந்துச்சு: இயல்பா அது இல்லாத விலங்கோட ரத்தத்துல அதை உண்டாக்க முடியுமா? முடியும். 1894 பிப்ரவரி 10-ஆம் தேதி பாரிஸ்ல ஒரே கூட்டத்துல இவங்களும், ஆல்பர்ட் கால்மெட்டும் தனித்தனியா அதை அறிவிச்சாங்க. விலங்குக்குக் கொஞ்சம் கொஞ்சமா விஷம் கொடுத்துப் பழக்கினா, அதோட ரத்தம் இன்னொரு உயிரைக் காப்பாத்தும்.

விஷமுறிவு மருந்து பிறந்தது இப்படித்தான்.

6/
ஆனா ஒரு சிக்கல். கால்மெட்டோட மருந்து நல்ல பாம்பு விஷத்துக்கு எதிரா செஞ்சது. பிரேசில் நாட்டுப் பாம்புகளுக்கு அது உதவலைன்னு அங்கிருந்த விட்டல் பிரேசில் (அவர் பேரே அதுதான்!) காட்டினார். அந்தந்த ஊர்ப் பாம்புக்கு அந்தந்த ஊர் விஷத்துல செஞ்ச மருந்து வேணும்.

நம்ம மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்துச் செய்யுறது. அதுக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்குறதுல பெரிய பங்கு மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலியில இருக்குற இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. 1978-ல தொடங்கினது. அந்த விஷம் குதிரைக்குப் போகுது, குதிரை ரத்தத்துல உருவாகுற முறிவு நம்ம ட்ரிப்ஸ்ல வருது.

7/
இன்னொரு பாதுகாப்பு வெளியே தெரிய இன்னும் நூறு வருஷம் ஆச்சு. நல்ல பாம்பு விஷத்துல இருக்குற ஒரு நச்சு, நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்குற இடத்துல போய் உட்கார்ந்துக்கும். பூட்டுக்குள்ள தப்பான சாவி மாட்டின மாதிரி. இமை தொங்கும், மூச்சுத் தசை ஓயும். எகிப்திய நல்ல பாம்புல அந்தப் பூட்டு மேல ஒரு சர்க்கரைச் சங்கிலி ஒட்டியிருக்கு, சாவி உள்ளயே நுழையாதுன்னு 2001-ல ஒரு ஆய்வு காட்டுச்சு. கீரிப்பிள்ளைக்கும் கிட்டத்தட்ட இதே தந்திரம்தான். வேரும் இல்ல, மூலிகையும் இல்ல!

8/
ஆக, அந்த மகனுக்கு என் பதில்: தன் நாக்கைக் கடிச்சுக்கிட்டா பெரும்பாலும் விஷத்தால சாகாது தம்பி. ரொம்ப அதிகமா உள்ள போனா சாகவும் கூடும். வேற இனப் பாம்போட விஷம்னா அந்தப் பாதுகாப்பு உதவும்னு சொல்ல முடியாது.

நமக்கு? அந்தப் பூட்டும் இல்ல, அந்த ரத்தமும் இல்ல. நமக்கான பாதுகாப்பு ஒரு குதிரைகிட்ட இருந்து, ஒரு பாட்டில்ல, ஆஸ்பத்திரியில இருக்கு. அரசு மருத்துவமனையில இலவசம். கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, மந்திரிக்க நிக்காதீங்க. கடிபட்ட கை காலை அசைக்காம வெச்சு 108-ஐக் கூப்பிடுங்க.

அந்தப் பெரியவர் ஒரு வாரத்துல நடந்தே வீட்டுக்குப் போனார். அவரைக் காப்பாத்துனதுல மருந்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவ்வளவு பங்கு இருக்கு.